தம்பி வெளியில் இருந்த 59 நாட்கள்

என் தம்பி 2012-இல் சிறைக்கு உள்ளே போனான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் பரோலில் வெளியில் இருந்தது மொத்தம் 59 நாள். அப்பா இறந்தபோது 3 நாள், 2019-இல் 28 நாள், 2022-இல் 28 நாள். ஒவ்வொரு நாளையும் நான் எண்ணி வைத்திருக்கிறேன். இந்த நாட்களை வாங்க எங்கே தடுக்கி விழுந்தோம், எப்படி எழுந்தோம் என்பதை எழுதி வைத்தால், மனு நாளன்று, அதாவது உள்ளே இருப்பவரைப் பார்க்கிற நாளன்று, சிறை வாசலில் குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தது சேலம் டவுனுக்கு. வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். தம்பி மனைவி மலைமேல் பிறந்தவள். அவன் உள்ளே போனதும் நாலு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டில் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள், சீசன் முடிந்தால் மிளகு. மாதம் ஒரு முறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டிக்கு மனு பார்க்க வருவாள். மத்திய சிறை ஏற்காடு ரோட்டிலேயே இருப்பதால், வேறு எந்த வேலைக்கு டவுனுக்கு வந்தாலும் அந்த மதில் சுவரைத் தாண்டாமல் அவளால் வர முடியாது.

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பங்காளி வீட்டோடு வண்டித் தடத்துக்காகப் பல வருடப் பகை. ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, தம்பி மண்வெட்டியால் அடித்துவிட்டான். பெரியப்பா மகன் இறந்துபோனான். எங்களோடு ஒரே திண்ணையில் வளர்ந்தவன். தம்பி செய்தது பெரிய தப்பு. அதை நான் எங்கேயும் குறைத்துச் சொன்னதில்லை. ஜாமீன் கிடைக்கவில்லை. 2014-இல் ஆயுள் தண்டனை, 2016-இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

எல்லோரும் பரோல் என்றுதான் சொல்கிறோம். உள்ளே இருப்பவர்கள் லீவு என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1982-ஆம் வருடத்து தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அவசர விடுப்பு. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரின் சாவு அல்லது உயிருக்கு ஆபத்தான நோய், அப்புறம் கைதியின் கல்யாணம், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களின் கல்யாணம், இவற்றுக்கு அது கிடைக்கும். இன்னொன்று சாதாரண விடுப்பு. அதற்கு முதலில் 3 வருடச் சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். இரண்டையுமே உரிமை என்று கேட்க முடியாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். இது எனக்குத் தெரியவே பல வருடம் ஆயிற்று.

2017 ஜனவரியில் அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும் அன்றே மனு எழுதிக் கொடுத்தேன். கூட இணைத்தது ஆஸ்பத்திரி ஓபி சீட்டு மட்டும்தான். சீட்டில் பெயரும் மாத்திரையும் இருந்தன, நோயின் தீவிரம் இல்லை. நடுவில் ஓர் அலுவலகத்தில் அந்த ஒரு காரணத்துக்காகக் காகிதம் நின்றுவிட்டது. யாரும் எங்களுக்குத் தகவல் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நானே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆறாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். தம்பிக்குக் கிடைத்தது சாவுக்கான விடுப்பு.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வழிக்காவல் போலீஸோடு வேனில் வந்து இறங்கினான். அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தவன் அழவில்லை. வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றான். கூட வந்த காவலர்கள் நல்லபடியாக நடந்துகொண்டார்கள், தள்ளி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு வந்து, வெட்டியாருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய நோட்டு செல்லாமல் போனது 2016 நவம்பரில். உள்ளே இருந்தவன் புது நோட்டைக் கையில் தொட்டது அன்றுதான். "அக்கா, இது நெஜ நோட்டுதானா?" என்று கேட்டான். அப்பாவுக்கு நான் வாய்விட்டு அழுதது அந்த நேரத்தில்தான்.

உள்ளே ஆள் இருக்கும் எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே ஒரு பையைத் தயார் செய்துவிடுங்கள். உறவை நிரூபிக்கிற காகிதங்களைத் தேடி எடுத்து அதில் வையுங்கள்: குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் அட்டை எதுவாக இருந்தாலும் சரி. கைதியின் எண், தண்டனை விவரம், தீர்ப்பின் நகல் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். நோய் என்றால் ஓபி சீட்டு போதாது. இன்ன நோய், இன்ன நிலை, உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று வேண்டும். மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதி, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லையென்றால் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதற்கு நாளைக்கு எதுவும் மிஞ்சாது. உள்ளே இருக்கும் நல அலுவலரிடம் கைதியும் தன் பக்கமிருந்து ஒரு மனு கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து போனால் வேகம் கூடுகிறது.

சாதாரண விடுப்பு வேறு மாதிரியான போராட்டம். 2018-இல் முதல் மனு போட்டோம். நன்னடத்தை அலுவலர் ஒரு அம்மா ஊருக்கே வந்தார். எங்கள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து விசாரித்தார். பக்கத்து வீடுகளிலும் கேட்டார். சரி, கிடைத்துவிடும் என்று நம்பினோம். மூன்று மாதம் கழித்து, பரிசீலிக்க இயலவில்லை என்று ஒரு வரி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம். கேட்டேன். எங்கள் வீட்டுப் படியே ஏறாத ஒருவர் அனுப்பிய அறிக்கையில் "ஊரில் எதிர்ப்பு உள்ளது, சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்" என்று இருந்தது.

கோபத்தோடு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே ஒன்று தோன்றியது. எதிர்ப்பு இருக்கிறது என்பது பொய்யா? இறந்தவனின் அம்மா, என் பெரியம்மா, அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அவரிடம் போய் யாராவது கேட்டார்களா? அந்த அறிக்கை எழுதியவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சம்மதம் கேட்கப் போகவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. அப்பா சாவுக்குத் தம்பி வந்தபோது அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், வேனிலிருந்து அவன் இறங்குவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நான் எழும்போது சொன்னார்: "அவன் வரட்டும், போகட்டும். எங்கண்ணு முன்னால மட்டும் வர வேணாம் சாமி. வர்றதா இருந்தா எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிப்புடு."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்களுக்கு வழி திறந்தது. விடுப்பில் வருகிறவன் சொந்த ஊரில்தான் தங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடுத்த மனுவில் சேலத்தில் எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வீட்டுக்காரர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் என்பது 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது, வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இரண்டாவது மனுவும் பதில் இல்லாமல் கிடந்ததால், அங்கே கிடைத்த வக்கீல் மூலம் உயர் நீதிமன்றம் வரை போனோம். இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. 28 நாள் கிடைத்தது.

வக்கீலைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலோ, வேறு வழக்கு விசாரணையில் இருந்தாலோ இந்த விதிகளின்படி விடுப்பு வாங்குவது சிக்கலாகிவிடும். அப்போது வேறு வழியில் போக வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடத்தைத் தொலைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

2019 டிசம்பரில் அந்த 28 நாளும் எங்கள் வீட்டில் இருந்தான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. முதல் ஒரு வாரம் அவனுக்குத் தூக்கமே இல்லை. விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வான், உள்ளே இரவு முழுக்க விளக்கு எரியுமாம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் போய் உட்காருவான், உள்ளே அறையில் அடைக்கிற லாக்கப் நேரம் அது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே நாங்களும் அந்த நேரத்தில் டிவியை நிறுத்திவிடுவோம். பத்தாம் நாள் பட்டறைக்கு வீட்டுக்காரரோடு போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான். பதினைந்தாம் நாள் சலங்கை கோர்க்கக் கற்றுக்கொண்டான்.

பதினோரு வயசு மகள் மலையிலிருந்து அம்மாவோடு வந்தாள். அப்பாவை "நீங்க" என்று கூப்பிட்டாள், விருந்தாளியைக் கூப்பிடுவது போல. அவனும் அவளை "நீங்க" என்றான். இரண்டு பேரும் அப்படியே பதினெட்டு நாள் பேசினார்கள். கடைசியில் ஒரு நாள் கணக்குப் பாடத்தில் அவள் ஏதோ தப்புப் பண்ண, "ஏய், இங்க பாருடி" என்றான். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த "ஏய்" வருவதற்குப் பதினெட்டு நாள் தேவைப்பட்டது. மூன்று நாள் விடுப்பில் அது வராது. பரோல் என்பது கைதிக்குக் கொடுக்கிற இனிப்பு என்று நினைக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாள் இவன் நிரந்தரமாக வெளியே வரப்போகிறான். ஊரும் வீடும் அவனும் அதற்குப் பழக வேண்டாமா? 2017-இல் உச்ச நீதிமன்றம் அஸ்ஃபாக் என்பவர் வழக்கில், நன்னடத்தையோடு இருக்கும் கைதிகளும் கொஞ்ச காலமாவது வெளிக்காற்றைச் சுவாசிக்க வேண்டும், குடும்ப உறவு அறுந்துபோகக் கூடாது என்ற பொருளில் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த முறை ஒரு தவறு செய்தோம். காப்பி அறுவடை நேரம் என்பதால் மனைவிக்கு லீவு இல்லை, பத்து நாளில் மலைக்குத் திரும்பிவிட்டாள். மகள் மட்டும் அரையாண்டு விடுமுறைக்குத் தங்கினாள். தம்பி ஒரே ஒரு நாள் ஏற்காடு போய்ப் பார்க்க ஆசைப்பட்டான். மனுவில் சேலம் முகவரி மட்டும் இருந்ததால் போக முடியாது. நானும் விடவில்லை. இரண்டாவது இடத்துக்குப் போகும் தேவை இருந்தால், கோயிலோ மாமியார் வீடோ, தேதியோடு முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். 2022-இல் அப்படி எழுதியதால் மூன்று நாள் மலையில் இருந்தான். போகும் வழியில் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, ஊரே மாறிப்போச்சு என்றான்.

திரும்பிப் போகிற நாள்தான் எல்லாவற்றிலும் கடினம். அன்று காலை முகூர்த்தம், விருந்து எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். ஒரு நாள் தாமதமானாலும், நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைத்துத் தரும் கழிவு நாட்கள் போகும், அடுத்த விடுப்பும் போகும். உண்மையிலேயே காய்ச்சல் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று வாங்கி, கெடு முடிவதற்கு முன்பே சிறைக்கும் ஸ்டேஷனுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விடுப்பில் இருந்த நாள் தண்டனைக் கணக்கில் சேராது. விதியின் பெயரே தண்டனை நிறுத்திவைப்புதானே. ஆயுள் கைதியை முன்கூட்டியே விடுவிக்கப் பார்க்கும் 14 வருடக் கணக்கில் பரோல் நாட்களைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கணக்கு தெரியாமல் ஏமாந்துபோனால் மனசு ரொம்ப உடைந்துபோகும்.

இத்தனையும் பார்த்த பிறகு, இந்த முறையில் எதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மனு எங்கே நிற்கிறது என்று குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். அறிக்கை தருகிறவருக்குக் கெடு வேண்டும், கெடு தாண்டினால் அறிக்கை இல்லாமலே முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அவசர விடுப்புப் பட்டியலில் பாட்டி, தாத்தா இல்லை. அம்மா இல்லாமல் பாட்டி கையில் வளர்ந்த பையன்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்! விதி 40-இன்படி அரசு நினைத்தால் விலக்கு தரலாம்தான், ஆனால் சாவு வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது சென்னைக் கோட்டைக்கு யார் மனு எழுதுவது?

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது பெரியம்மா விஷயம். இறந்தவர் வீட்டுக்கு அரசாங்கமே முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் பயத்தைக் கேட்டு, எந்தத் தெருவுக்கு வரக் கூடாது என்பது போல நிபந்தனையாக அதை எழுத வேண்டும். வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குத் தரச் சொல்லவில்லை. கேட்கவாவது ஆள் வேண்டும். யாரும் கேட்காத துக்கம்தான் "சட்டம் ஒழுங்கு" என்று அறிக்கையில் வருகிறது.

2023-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைச் சட்டத்தில், சம்மதிக்கும் கைதிக்கு மின்னணுக் கருவி மாட்டி விடுப்பில் அனுப்பலாம் என்று இருக்கிறது. துப்பாக்கியோடு நாலு போலீஸ் வீட்டு வாசலில் நிற்பதைவிட அது மேல் என்று சிலர் சொல்கிறார்கள். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று விடுப்பு தள்ளிப்போகிற குடும்பங்களுக்கு அது உதவலாம். ஆனால் பொண்ணு கல்யாணத்தில் அப்பா காலில் அது தெரியும்போது அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்? நம்பி அனுப்பக்கூடியவனுக்குக் கருவி எதற்கு என்பதுதான் என் கேள்வி. கையெழுத்துப் போடுகிற ஸ்டேஷனும், வாரம் ஒரு முறை வந்து பார்க்கிற நன்னடத்தை அலுவலரும் போதும். அந்த அலுவலர்கள் எண்ணிக்கையைக் கூட்டட்டும்.

சிறை வாசலில் உட்கார்ந்து பார்த்தால், உள்ளேயே வந்திருக்க வேண்டாத பிள்ளைகளின் அம்மாக்கள்தான் நிறைய. 1958-இலேயே நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. 21 வயசுக்குக் கீழே இருந்து, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால், சிறைக்கு அனுப்புவதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பலாம். வக்கீல் கேட்டால்தான் பல நேரம் அது பேச்சுக்கே வருகிறது, அதனால் நீங்கள் வக்கீலிடம் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் சமூக சேவையே ஒரு தண்டனையாக வந்திருக்கிறது: 5000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் முறை மாட்டி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர் போன்றவர்களுக்கு. விசாரணைக் கைதியாக முதல் முறை உள்ளே இருப்பவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்துவிட்டால் ஜாமீனுக்குத் தகுதி. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. தண்டனைக் கைதிகளுக்குக் கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை பக்கம் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, விவசாயம் பார்க்கிறார்கள். மண்ணில் வேலை பார்த்தே வளர்ந்த மலைக்காட்டு ஆட்களுக்கு அந்த மாதிரி இடம்தான் பொருந்தும்.

போன மாதம் மனு நாளில் மலைமேலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மகனுக்கு லீவு மனு போட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாது. வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இறந்தவர் வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டேன். பக்கத்து வீடு என்றாள். அப்போ வேற முகவரி யோசிங்க, அவங்க வீட்டுக்கு ஒரு தரம் போய்ட்டு வாங்க என்றேன். ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் சரிங்கக்கா என்றாள்.

எங்கள் அடுத்த மனுவும் தயார். இந்த முறை எழுதியது தம்பி மகள், அவளுக்கு இப்போது பதினேழு. சேலம் முகவரி, ஏற்காட்டில் மூன்று நாள், தேதியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். நகல் எடுத்தாகிவிட்டது. வரும் ஞாயிறு பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். நானும் வர்றேன் அத்தை, பெரிய பாட்டியைப் பார்க்கணும் என்கிறாள்.